லாட்ஜ் நாற்காலியும் என் வாயும்

பழைய நாற்காலிகளைப் புதிதாக்கும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். நல்லது. நார் அடைக்கவும், கறை எடுக்கவும், உப்புத்தாள் தேய்க்கவும், பெயிண்ட் அடிக்கவும் சொல்லிக்கொடுக்க இப்போது கடையில் ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுப்பார்கள். கை நடுங்க ஆரம்பித்த பிறகு நான் பிரஷ்ஷைத் தொடுவதில்லை. எனக்குச் சொல்ல இருப்பது வாயைப் பற்றி. இந்தத் தொழிலில் கை செய்த தப்பைத் திருத்திவிடலாம். பெயிண்ட் வழிந்தால் சுரண்டலாம், துணி சுருங்கினால் வேறு போடலாம். வாய் செய்த தப்பைச் சுரண்ட எந்தக் கடையிலும் தாள் விற்பதில்லை.

இது ஒன்றும் ரகசியக் கதை அல்ல. திருவண்ணாமலையில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்குத் தெரியும். டீக்கடையில் என்னைக் கண்டால், "பாய், இந்த பெஞ்சு புதுசா, பழசா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் பல்லைக் காட்டிவைப்பேன். உங்கள் காதிலும் அரைகுறையாக விழுந்திருக்கும். அரைகுறையாகக் கேட்டால் அது சிரிப்புக் கதை. முழுசாகக் கேட்டால் சிரிக்க மாட்டீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் சின்னக்கடைத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் எனக்குக் கடை. அப்போதெல்லாம் நம் பக்கத்தில் மெத்தை வைத்த நாற்காலி என்றால் வக்கீல் வீடு, டாக்டர் வீடு, அரிசி மண்டி முதலாளி வீடு, அவ்வளவுதான். மற்ற வீடுகளில் பாயும் ஜமுக்காளமும். புதிதாக வாங்க முடியாதவர்கள் என்னிடம் வருவார்கள். நான் ஏலத்தில் பழசை எடுத்துக் கழுவி, பெயிண்ட் அடித்து விற்பேன். வருகிறவர்கள் எல்லோரும் தப்பாமல் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "பழசுன்னு தெரியக்கூடாது பாய்."

நம் தொழிலின் வில்லங்கமே அங்கேதான் இருக்கிறது. தச்சர் கதவு செய்தால், வருகிறவர்கள் கதவைத் தடவிப் பார்த்துத் தச்சர் பெயரைக் கேட்பார்கள். நாம் நன்றாக வேலை செய்தால் வேலை நடந்ததே தெரியாது. நம் பெயர் வெளியே வந்தால் வாங்கியவர் மானம் போகும். அவர் மானம் நிற்க வேண்டுமானால் நம் பெயர் உள்ளேயே கிடக்க வேண்டும். வேலை தெரிந்தவனுக்கு இது எளிதில் ஜீரணமாகிற சங்கதி இல்லை. எனக்கு ஆகவில்லை.

அந்தச் சமயத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய லாட்ஜை மூடினார்கள். அதன் முன்கூடத்து நாற்காலிகள் என்னிடம் வந்தன. நீங்கள் பார்த்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பீர்கள். தீபத்துக்கு வந்த ஜனமெல்லாம் அதில் உட்கார்ந்து தூங்கி எழுந்திருக்கிறது. தலை சாய்கிற இடத்தில் எண்ணெய் ஏறித் தார் மாதிரி இருந்தது. இடுக்கில் கை விட்டால் விபூதி, கொண்டை ஊசி, பொரிகடலை. மூட்டைப்பூச்சியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஒரு ஊரே குடியிருந்தது. ஆனால் துணி கெட்டியான துணி. அழுக்குக்கு அடியில் நல்ல மாதுளை நிறம் ஒளிந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் துணியைக் கிழித்துப் போட்டுவிட்டு ரெக்சின் அடித்திருப்பார்கள். எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. இந்தத் துணியையே மீட்டுக் காட்டுகிறேன் பார் என்று பூந்திக்கொட்டை நுரையும் வெயிலுமாக மல்லுக்கட்டினேன். நாற்காலிக் கைகளுக்குப் புதிதாகப் போட்ட மரமும் பழைய மரமும் நிறம் ஒட்டாததால் சட்டம் முழுக்கச் சாக்லேட் நிறத்தில் எனாமல் அடித்தேன். எல்லாம் முடிந்து வெளியே எடுத்துப் போட்டபோது, சாப்பாடு கொண்டுவந்த என் சம்சாரமே, "இது எங்கேர்ந்துங்க வந்தது?" என்று கேட்டாள். கூடவே இருந்து அந்த நாற்றத்தைச் சகித்தவளே அடையாளம் தெரியாமல் கேட்டுவிட்டாள். அன்றைக்கு என் தலையில் ஏறிய கனம் லேசில் இறங்கவில்லை.

அந்த நாற்காலிகளை வாங்க வந்தவர் ஏகாம்பரம். கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும் மல்லாட்டைக் கடலையும் போடுகிற விவசாயி. என்னைவிட மூத்தவர், கூச்ச சுபாவம். கடையில் இருந்த ஆட்கள் போகும்வரை எதிர்ப்பக்கமே நின்றுகொண்டிருந்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"வீட்டுக்கு சேர் வேணும் பாய். மூத்த பொண்ணைப் பாக்க வேலூர்லேர்ந்து வர்றாங்க" என்றார். கொஞ்ச நேரம் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். "போன தடவை வந்தவங்க ஜமுக்காளத்துல உக்காந்துட்டுப் போய், உக்கார ஒரு நாற்காலி இல்லாத வீடுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அது கஸ்தூரி காதுல விழுந்துடுச்சு. அன்னிலேர்ந்து எம் பொண்ணு சரியா பேசறதில்ல பாய்."

கஸ்தூரி என்பது அந்தப் பெண். பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அடுத்து இரண்டு தங்கைகள் வரிசையில் நின்றார்கள். அவளுக்கு ஒரு இடம் முடியாமல் மற்றவர்களுக்குப் பேச்செடுக்க முடியாது.

"பழசுன்னு தெரியக்கூடாது பாய்" என்றார் அவரும்.

"தெரியாதுண்ணே. நானே வந்து சொன்னாத்தான் உண்டு" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

மழைக்காலம். எனாமல் காய மாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைசி நாற்காலி ஒன்றின் முதுகுச் சட்டம் தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. பெண் பார்க்க வருகிற நாள் காலையில் அதையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு நானே கீழ்பென்னாத்தூர் போனேன். காயாத நாற்காலியைக் கூடத்தில் போடாமல் விட்டால் செட் குறைகிறது. போட்டால் வந்தவர்கள் பட்டுப் புடவையில் பெயிண்ட் ஆகிவிடும். ஏகாம்பரம் யோசித்து ஒரு வழி சொன்னார். "அந்த ஒண்ணுல நீங்களே உக்காந்துக்குங்க பாய். டவுன்ல தெரிஞ்சவர்னு சொல்லிக்கிறேன். சாப்ட்டுட்டுப் போன மாதிரியும் இருக்கும்."

இப்படியாகத்தான் நான் அந்தக் கூடத்தில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முதுகைச் சாய்க்காமல், ஒரு பெரிய மனிதர் போல உட்கார்ந்திருந்தேன்.

வேலூர்க்காரர்கள் வந்தார்கள். பையன், அவன் அப்பா அம்மா, தாய்மாமன். பையன் அரசாங்க வேலை, அடக்கமானவன். பையனுடைய அம்மா உட்கார்ந்ததுமே மெத்தையை ஒரு தரம் அழுத்திப் பார்த்துத் தலையசைத்தார். நான் ஏகாம்பரத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் ரத்தம் ஓடிற்று. கஸ்தூரி காபித் தட்டோடு வந்து நமஸ்காரம் செய்தாள். பையன் நிமிர்ந்து பார்த்தான், அவளும் ஒரு தரம் பார்த்தாள். பிடித்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. இரண்டு நிமிஷம் நான் சும்மா இருந்திருந்தால் வெற்றிலை பாக்குப் பேச்சு வந்திருக்கும்.

தாய்மாமன் நாற்காலியின் கையைத் தட்டிப் பார்த்தார். "சேரெல்லாம் ஜோரா இருக்குதே. எங்க எடுத்தீங்க?"

ஏகாம்பரம் என் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "மெட்ராஸ்லங்க. தெரிஞ்சவங்க மூலமா" என்றார்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று பெரியவர்களே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அந்த மனுஷர் சொன்னது ஒரே ஒரு பொய். அதுவும் நான் விற்ற பொய்.

தாய்மாமன் அதோடு விட்டிருக்கலாம். "அதானே பாத்தேன்" என்றார். "இந்த மாதிரி செய்ய நம்ம பக்கத்துல எவன் இருக்கான்? திருவண்ணாமலையில ஒருத்தன்கிட்ட குடுத்தேன். அடுத்த தீபத்துக்குள்ள மெத்தை தொங்கிப்போச்சு. இங்க இருக்கிறவனுங்களுக்குத் துணி அடிக்கத் தெரியுமே தவிர வேலை தெரியாது."

அவர் சொன்னது என்னை இல்லை. என்னிடம் அவர் எதையும் கொடுத்ததில்லை. ஆனாலும் காது சூடாகிவிட்டது. நான் நுரையில் கை வெந்து மீட்ட துணி மேல் உட்கார்ந்துகொண்டு, ஊரில் வேலைக்காரனே இல்லை என்கிறார்! பேசாமல் இரு, பேசாமல் இரு என்று புத்தி சொல்லிற்று. புத்தி சொல்லி முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"யாருங்க சொன்னது மெட்ராஸ் வேலைன்னு? நான் செஞ்சதுங்க இது!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கேயாவது நின்றேனா? இல்லை. ஆட்கள் பார்க்கிறார்கள் என்றதும் இன்னும் உற்சாகம் வந்துவிட்டது.

"கோயில் பக்கத்து லாட்ஜ்ல கிடந்ததுங்க. வந்தப்போ பாத்திருந்தா காறித் துப்பியிருப்பீங்க. மூட்டைப்பூச்சின்னா அப்படி ஒரு பூச்சி. துணி கூட மாத்தலீங்க, அதே துணி! தெரியுதா, சொல்லுங்க?"

பையனுடைய அம்மா சட்டென்று எழுந்து நின்று புடவையின் பின்பக்கத்தை உதறினார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நானும் பதறி எழுந்தேன். பேச்சு வேகத்தில் எப்போதோ முதுகைச் சாய்த்திருக்கிறேன் போல. நாற்காலியும் என்னோடு கொஞ்சம் எழுந்து, சர்ரென்று பிரிந்து கீழே விழுந்தது. பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் நான் செய்ததுதான் அதைவிட மோசம். ஈரப் பெயிண்ட் மேல் இன்னொரு கோட் அடித்தால் என்ன ஆகும் என்று நேற்று சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதா? ஆனாலும் அடித்தேன். "இல்லீங்க, நான் சொன்னது நான் உக்காந்திருந்த சேரை மட்டும்தான். மத்ததெல்லாம் அண்ணன் சொன்ன மாதிரி மெட்ராஸ்தான்" என்றேன். எல்லாம் ஒரே செட், ஒரே துணி, ஒரே நிறம். குருடனுக்குக்கூடத் தெரியும். ஏகாம்பரம், "விடுங்க பாய்" என்று மெல்லச் சொன்னார்.

பையனுடைய அப்பா அதுவரை அதிகம் பேசாதவர். அவர் சத்தம் போடவில்லை. "சேர் பழசா இருந்தா என்னங்க, எங்க வீட்டுலயும் பழசுதான்" என்றார். "கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லியிருக்கலாம். இனிமே நிலம் எவ்வளவு, நகை எவ்வளவுன்னு நீங்க சொல்ற ஒவ்வொண்ணுக்கும் எங்களுக்குச் சந்தேகம் வரும் பாருங்க." காபி தம்ளர்கள் அப்படியே இருந்தன. "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நம் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அது எவ்வளவோ தேவலை, கெடுவது அதுவேதான். நான் வாயைத் திறந்ததற்கு இன்னொரு வீட்டுப் பெண் கெட்டாள்.

ஏகாம்பரம் என்னை அடித்திருக்கலாம். அவர் வாசல்வரை போய் அவர்களை அனுப்பிவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "சாப்ட்டுட்டுப் போங்க பாய்" என்றார். நான் வேண்டாம் என்று செருப்பை மாட்டினேன். அப்போது பின்னாலிருந்து கஸ்தூரி கூப்பிட்டாள். கையில் ஒரு பழந்துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும்.

"முதுகெல்லாம் பெயிண்ட் பாய். தொடைச்சுக்குங்க, பஸ்ல போகணுமே."

நான் துணியை வாங்கிக்கொண்டேன். அவள் போகவில்லை.

"நீங்க நல்லா செஞ்சிருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியணும், அதான பாய்?"

குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஆமாம் என்று சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. இல்லை என்றால் அது பொய். துடைத்தும் போகாத சாக்லேட் பட்டையோடு பஸ்ஸில் கடைசி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேலை வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுவேன். மார்க்கெட்டுக்கு வரும் ஏகாம்பரத்தின் தலை தெருமுனையில் தெரிந்தால் கடைக்குள் போய் எதையாவது தேடுகிற மாதிரி குனிந்துகொள்வேன். அந்தக் கூடத்தில் நடந்தது சந்தைக்குச் சந்தை பரவி, ஆரணி வரைக்கும் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். பெண் வீட்டார் மூட்டைப்பூச்சி நாற்காலியைப் புதுசு என்று சொல்லி ஏமாற்றப் பார்த்தார்கள் என்று கதை. அந்தக் கதையில் என் பெயர் கூட இல்லை. அப்பாவி ஏகாம்பரத்தின் பெயர்தான் இருந்தது. வருஷம் திரும்பும் வரை அந்த வீட்டுப் படி ஏறி யாரும் பெண் கேட்கவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். நாற்காலியின் பூர்வீகத்தைச் சொல்லும் உரிமை, அது நம் கடையை விட்டுப் போன நிமிஷத்தோடு முடிந்தது. வாங்கியவர் புதுசு என்று சொன்னால் புதுசு. பரம்பரைச் சொத்து என்று சொன்னால் பரம்பரைச் சொத்து. பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்போது உள்ளே குமுறும். குமுறட்டும். நம் வேலையை எவனோ ஒருவன் மட்டமாகப் பேசினால் நமக்குப் போவது கொஞ்சம் ரோஷம். வாங்கியவருக்குப் போவது என்ன என்று நமக்குத் தெரியாது. ஒரு நாற்காலிக்குப் பின்னால் ஒரு வீட்டில் எத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தும் பேசினேன். அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

அந்த ஒரு வருஷம் கழிந்து வந்த பங்குனியில் ஏகாம்பரம் நேராகக் கடைக்கு வந்தார். நான் குனிவதற்குள் உள்ளே வந்துவிட்டார்.

"சேத்துப்பட்டுலேர்ந்து பாக்க வர்றாங்க பாய். நீங்க வரணும்."

"என்னை விட்டுடுங்கண்ணே. நான் வந்து ஒரு தரம் கெடுத்தது போதாதா?" என்றேன்.

"நான் கூப்பிடல. கஸ்தூரி கூட்டியாரச் சொன்னா. இந்தத் தடவை எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி முதல்லயே சொல்லிடணும்ங்கறா. சேர் பழசுன்னு சொல்றதுக்கு, செஞ்சவரே வந்தா நல்லா இருக்கும்னு சொல்றா. எனக்கும் அதான் சரின்னு படுது."

எப்படி மறுப்பேன்? போனேன். அதே கூடம், அதே நாற்காலிகள். பெயிண்ட் எப்போதோ காய்ந்து கண்ணாடி மாதிரி இருந்தது. நான் உட்காரவில்லை, சுவர் ஓரமாக நின்றேன். வந்தவர்களில் பையனின் அப்பா வயதானவர், கதர்ச் சட்டை. பையன் பள்ளிக்கூட வாத்தியார். காபி வந்தது. யாரும் நாற்காலியைப் பற்றிக் கேட்கவில்லை. ஏகாம்பரம் என்னைப் பார்த்துச் சொல்லுங்க என்பது போலத் தலையசைத்தார்.

"இந்த சேருங்க..." என்று ஆரம்பித்தேன். கேட்காத இடத்தில் அருவி மாதிரிக் கொட்டிய வாய் அது. சொல்லச் சொல்லிக் கூட்டிவந்த இடத்தில் திறக்க மாட்டேன் என்கிறது. வந்தவர்கள் என்னவோ ஏதோவென்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த இடத்தையும் நானே கெடுக்கப்போகிறேன் என்று பட்டது.

கஸ்தூரி தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இந்த சேரெல்லாம் பழசுங்க" என்றாள். "ஒரு லாட்ஜ்ல கிடந்தது. எங்களுக்குப் புதுசு வாங்க முடியல. போன தடவை வந்தவங்ககிட்ட அதை மறைச்சோம், அதனால இடம் தட்டிப்போச்சு. உங்ககிட்ட மறைக்க வேணாம்னு நான்தான் அப்பாகிட்ட சொன்னேன்." பிறகு என் பக்கம் கையைக் காட்டினாள். "இதைச் செஞ்சது இவர்தான். டவுன்ல சின்னக்கடைத் தெருகிட்ட கடை. துணி கூட மாத்தலீங்க, கழுவியே இந்த நிறத்துக்குக் கொண்டாந்தார். இவர் அளவுக்குச் செய்யறவங்க இந்த ஜில்லாவுல இல்லன்னு எங்க அப்பா சொல்வார்."

கதர்ச் சட்டைக்காரர் குனிந்து துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தான். ஆனால் அவன் அதிகம் பார்த்தது நாற்காலியை இல்லை. அந்த இடமே முடிந்தது, வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஆனால் அன்றைக்கு அந்த நிமிஷத்தில் அது யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பெரியவர் என்னைப் பார்த்து, "நீங்கதானாய்யா? என்ன வேலைய்யா இது!" என்றார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எதற்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையோடு விளையாடினேனோ, அந்தப் பேர் அத்தனையும் அந்தப் பெண் வாயாலேயே, சபை நடுவில், தாராளமாகக் கிடைத்தது. தலை நிமிர்ந்து அதை வாங்கிக்கொள்ள எனக்கு முகம் இல்லை.